இடது கையைப் பாருங்கள்!

ராக் பாட்டுக்கு பியானோ நோட்ஸ் வாங்கப் போகிறீர்களா? பாட்டின் பெயரையும் 'ஈஸி' என்ற சொல்லையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். இடது கைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். என் கட்சி இதுதான்.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். படித்தது பி.காம்., பிழைப்பு வளைகுடாவில் பேங்க் உத்தியோகம். பொண்ணு பியானோ கற்றுக்கொள்வதால் இந்த நோட்ஸ் எல்லாம் என் கைக்கும் வரும். பேலன்ஸ் ஷீட் பார்க்கிற கண்ணால்தான் இதையும் பார்ப்பேன் :-)

பியானோ நோட்ஸில் மேல் வரி வலது கைக்கு, கீழ் வரி இடது கைக்கு. பல பேர் பாடகரின் மெட்டை அப்படியே மேலே எழுதி, கீழே நாலு கார்டைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ராக் பாட்டில் இது எடுபடாது. பாடகர் ஒரே சுரத்தில் பத்து வார்த்தை பாடுவார். குரலும் சொல்லும் இருப்பதால் அலுக்காது. அதையே பியானோவில் தட்டினால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சத்தம்தான் வரும்.

டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' (1972) எல்லாருக்கும் தெரியும். அந்த கிட்டார் துண்டில் இரண்டிரண்டு சுரமாகச் சேர்ந்து ஒலிக்கும். ஒற்றைச் சுரமாக எழுதினால் அதன் முரட்டுத்தனமே போச்சு. குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' (1975) வேறு கேஸ். ஃப்ரெடி மெர்குரியே பியானோ வாசித்த பாட்டு அது. அதிலும் இடது கையை வெட்டுகிறவர்களுக்கு மன்னிப்பே கிடையாது!

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. எம்.எஸ்.வி. பிறந்த எலப்புள்ளி எங்கள் பாலக்காட்டில் இருக்கிறது. இளையராஜாவின் பண்ணைப்புரத்துக்கு மேற்கே இடுக்கி மலை. ராஜாவின் 'என் இனிய பொன் நிலாவே' (மூடுபனி, 1980) மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். அப்புறம் கிட்டாரையும் பேஸையும் கவனித்துக் கேளுங்கள். பாதிப் பாட்டு அடியில்தான் ஓடுகிறது.

"குழந்தைகளுக்கு எளிதாக வேண்டாமா சார்?" வேண்டும். ஆனால் எளிமை வேறு, மொட்டை வேறு. கார்டில் ஒன்றிரண்டு சுரத்தைக் குறைக்கலாம். சின்ன விரல் எட்டாத இடத்தை மாற்றலாம். வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால், கீழே எட்டாத சுரங்களை ஒரு ஸ்தாயி ஏற்றி எழுதலாம். தாளத்தையும் பேஸ் நடையையும் மட்டும் தொலைத்துவிடக் கூடாது.

ஏனென்றால், மொட்டை நோட்ஸை வாசிக்கும் பிள்ளை எழுதியதை எல்லாம் சரியாகத்தான் வாசிக்கும். ஆனாலும் அந்தப் பாட்டு வராது. "எனக்கு வரலைப்பா" என்று மூடி வைத்துவிடும். எழுதினவர் செய்த கோளாறு பிள்ளையின் தலையில் விடியும். நாமும் பிள்ளைக்கு ஞானம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

பல இடங்களில் முதல் பக்கத்தை மாதிரிக்குக் காட்டுகிறார்கள். இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். என்ன பாட்டு என்று வாசலில் நிற்கிறவருக்குப் பிடிபட்டால் தாராளமாக வாங்குங்கள். இல்லையா, அந்தக் காசுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுங்கள், பிள்ளையாவது சந்தோஷப்படும் :-)