சுட்டால் பறப்பாரா?



பழைய படங்களில் இன்ஸ்பெக்டர் ரிவால்வரால் ஒரே ஒரு முறை சுடுவார். கொள்ளைக்காரன் பத்தடி தள்ளிப் போய் விழுவான். கௌபாய் படத்து ஷெரீப் சுட்டாலும் இதே கதைதான். உத்திரமேரூர் மாணவர்கள் பலர் இதை அப்படியே நம்புகிறார்கள். நம்பக்கூடாது என்பேன்.

அந்நாளைய வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். 1915இல் வந்த ஆறாம் மாதிரியின் குண்டு ஏறத்தாழ 17 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 190 மீட்டர். பெருக்கிப் பாருங்கள். 160 கிராம் கிரிக்கெட் பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும் ஏறக்குறைய அதே உந்தம்தான்! பந்து பட்டவர் பறக்கிறாரா? குண்டு உடலில் தங்கிவிட்டாலும் 60 கிலோ ஆள் பெறும் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர்தான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவர் பறந்தால், சுட்ட இன்ஸ்பெக்டரும் பின்னால் பறந்தாக வேண்டும். (படத்தில் அவர் தொப்பிகூட அசைவதில்லை.)

அப்படியானால் குண்டு கொல்வது எப்படி? இயக்க ஆற்றலைக் கணக்கிடும்போது வேகத்தின் வர்க்கம் வருகிறதல்லவா? பந்துக்கு 32 ஜூல். குண்டுக்கோ சுமார் 307 ஜூல். அத்தனையும் 11.5 மில்லிமீட்டர் அகலத்தில் பாய்ந்து சதையையும் எலும்பையும் கிழிக்கிறது. சினிமா மறைப்பது இதைத்தான். வில்லன் பல்டி அடித்து விழுவதால் துப்பாக்கி நமக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரிகிறது.

ஆசிரியர்களாகிய எங்கள் மீதும் குறை உண்டு. துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்தைப் பரீட்சையில் தவறாமல் கேட்கிறோம். குண்டு போய்ச் சேருமிடத்தில் என்ன ஆகிறது என்று கேட்பதேயில்லை.