கையும் கருத்தும்

நாட்டுப்புறத்து ஏழை இளைஞர்க்குத் தொழிற்கல்வி வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அக்கல்வி எத்தகையதாதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது.

தாது வருஷப் பஞ்சத்தை அடுத்து, 1878-ஆம் ஆண்டில், நெல்லை நாட்டு நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் கைத்தொழிற்பள்ளியொன்றை நிறுவினார். இத்தகைய பள்ளிகளால் நம் மக்கள் அடைந்த நன்மை பெரிது. ஆயினும், தொழில் பயில்வோன் பெரும்பாலும் பிறர் வரைந்த படத்தைப் பார்த்தே இழைப்புளி தள்ளுகின்றான். அப்பொருள் யார்க்கு, எதன்பொருட்டு என்று அவன் வினவுவதில்லை. கையைப் பழக்கினோம், கருத்தைப் பழக்கினோமா?

வடிவமைப்பு முறை என்பது அக்கருத்தைப் பழக்கும் பயிற்சியே. பயன்கொள்வாரை அணுகி அவர் குறை கேட்டல், பலவாறு வரைந்து பார்த்தல், அட்டையாலும் மூங்கிலாலும் சிறு மாதிரி செய்தல், அதனை அவர்பாற் கொடுத்துச் சோதித்தல், பிழை கண்டவிடத்துத் திருத்தல் என்னும் இவையே அதன் படிகள். கண்ணற்ற பர்திமேயு தம்மை நோக்கிக் கூவியபோது, அவன் வேண்டுவது யாதென நம் ஆண்டவர் முதற்கண் வினவினார் அன்றோ? எல்லாம் அறிந்த அவரே கேட்டார் எனின், யாம் கேளாது செய்தல் தகுமோ?

அமெரிக்காவின் வட கரோலினாவில் பெர்டி என்பது வறுமை மிக்கதொரு நாட்டுப்புறம். ஆங்கு 2010-ஆம் ஆண்டில் எமிலி பிலட்டன், மேத்யூ மில்லர் என்னும் இருவர் 'ஸ்டூடியோ எச்' என்ற பெயரால் உயர்நிலைப்பள்ளி மாணாக்கர்க்கு இம்முறையைக் கற்பிக்கத் தொடங்கினர். முன்னர்க் கோழிக்கூடுகளையும் செய்து பழகிய அவ்விளைஞர், 2011-இல் வின்சர் என்னும் ஊரில் உழவர் சந்தைக்கட்டடம் ஒன்றைத் தாமே வடிவமைத்துத் தம் கைகளாற் கட்டி முடித்தனர். உழவர் நிறைந்த ஊர்க்கு உழவர் சந்தை! ஊரை அறிந்தார் கருத்தும் கையும் ஒன்றிய இடத்து விளைந்த பயன் இது.

"வயிற்றுக்கில்லார்க்கு வடிவமைப்பு எதற்கு?" என்பார் உளர். பொருள் மிக்கவன் பிழைபட்ட பொருளை எறிந்துவிட்டு வேறு வாங்குவான். வறியவனோ பிழையோடே வாழ்தல் வேண்டும். ஆதலின் ஆய்ந்து செய்யும் அறிவு அவனுக்கே முதற்கண் உரியது.

விடுமுறை நாட்களிற் சேவைக்கெனச் சிற்றூர் செல்லும் கல்லூரி நண்பர்காள்! முடிந்த திட்டத்தைச் சுமந்து செல்லற்க. அளவுகோலையும் எழுதுகோலையும் அவ்வூர் இளைஞர் கையிற் கொடுமின். வேண்டுவது யாதென அவர்களே தம் அண்டை வீட்டாரை வினவட்டும். பெறுவோராகவே வைத்திருத்தல் ஈகையேயன்றி அன்பு ஆகாது.