எல்லாக் கணினிக்கும் ஜாவா வேண்டுமா?

'ஜாவா தேவை' என்னும் அறிவிப்பு ஒருமுறை தோன்றிவிட்டால் போதும். நம் ஆசிரியர்களில் சிலர் லிப்ரே ஆபிஸையே ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ பள்ளியின் எல்லாக் கணினிகளிலும் ஜாவாவை நிறுவச் சொல்கின்றனர். இரண்டும் எனக்கு ஏற்புடையன அல்ல.

ரைட்டரில் வினாத்தாள் தட்டச்சு செய்யவும் கால்க்கில் மதிப்பெண் கூட்டவும் ஜாவா வேண்டியதில்லை. பேஸ் தரவுத்தளத்தில் மாணவர் விவரங்களைச் சேர்த்து வைத்திருப்போரின் நிலை வேறு. அதனுள் அமைந்த பழைய தரவுப்பொறி ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா இல்லையேல், பல ஆண்டுகளாகத் திரட்டிய அட்டவணைகள் கண்முன்னே இருந்தும் திறவா!

அத்தகையோர் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ், அட்வான்ஸ்டு என்று செல்க. கணினியிலுள்ள ஜாவாக்கள் அங்கே பட்டியலாகத் தோன்றும். ஒன்றைத் தெரிவு செய்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஜாவாவை நிறுவிய பின்னரும் பட்டியல் வெறுமையாக இருந்தால், 64 பிட் மென்பொருளுக்கு 32 பிட் ஜாவாவை நிறுவியிருக்கக்கூடும். இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஆரக்கிள் நிறுவனம் 2019இல் உரிம விதிகளை மாற்றியதிலிருந்து, அதன் ஜாவாவை எங்கே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதில் குழப்பம் மிகுதி. கட்டற்ற ஓப்பன் ஜேடிகேயிலிருந்து உருவாக்கப்படும் டெமூரின் நமக்குப் போதும். அதையும் மாணவர் விவரங்களுள்ள அலுவலகக் கணினியில் மட்டும் நிறுவி, தவறாது புதுப்பித்து வருக. புதுப்பிக்கப்படாத ஜாவா தாக்குநர்களுக்குத் திறந்த வாயில். பிள்ளைகள் பயிலும் கணினிக்கூடத்திற்கு அது எதற்கு?