ஐந்து முறை சரியாக வந்தால் போதுமா?

எங்கள் வகுப்பில் ஒரு வியாதி இருக்கிறது. "நிரூபி" என்று கேள்வி வந்தால் 1, 2, 3 என்று மூன்று எண்களைப் போட்டுப் பார்ப்பது. சரியாக வந்ததும் "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு! போன வாரம் ஒரு நண்பனிடம் இதற்காகச் சண்டை போட்டேன். "அஞ்சு தடவை சரியா வந்தது, ஆறாவது மட்டும் ஏண்டா மாறப் போகுது?" என்றான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு.

நண்பா, 4294967297 என்ற எண்ணைப் பார். 32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இது வரும். இதற்கு முன்னால் ஐந்து அண்ணன்கள். 2-ன் அடுக்காக 1, 2, 4, 8, 16 போட்டு ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று 1640-ல் ஃபெர்மா நம்பினார். ஆனால் தன்னிடம் நிரூபணம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைகூட நமக்கு இல்லையே!

1732-ல் ஆய்லர் வந்து கதையை முடித்தார். 4294967297 = 641 × 6700417. ஆறாவது எண் பகு எண். பெருக்கிப் பார்க்கக்கூட வேண்டாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16. அதனால் 641-ஆல் வகுக்கும்போது 5 × 128-ம் −1-ம் ஒரே மீதி தரும். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × (2-ன் 28-ஆம் அடுக்கு) மீதி 1. 625-க்குப் பதில் −16 போடு. 2-ன் 32-ஆம் அடுக்கு −1 ஆகிவிடும். ஒன்றைக் கூட்டினால் பூஜ்ஜியம். இதுதான் நிரூபணம், நாலே வரி.

இன்னொரு வேடிக்கை. ஃபெர்மா பெயரிலேயே ஒரு பகா எண் சோதனை உண்டு. அதை 2-ஐ வைத்துச் செய்தால் 4294967297 'பாஸ்' ஆகிவிடும்! இப்படிப்பட்டவற்றைப் போலிப் பகா எண்கள் என்று வகைப்படுத்துகிறார்கள். 3-ஐ வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்பாய். 32 பிட் மாறியில் இந்த எண்ணைப் போட்டால் அடங்காது, 1 என்று காட்டும். பெரிய கணினிகளை வைத்து, அடுக்கு 2-ன் 32-ஆம் அடுக்காக இருக்கும் எண் வரை எல்லாமே பகு எண்கள் என்று காட்டிவிட்டார்கள். அதற்கு அடுத்த எண்ணுக்கு 250 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

ஆக, அந்த முதல் ஐந்தைத் தாண்டி ஒரு பகா எண்கூட இதுவரை சிக்கவில்லை. ஐந்து முறை சரியாக வந்ததுதான் விதிவிலக்கு. அடுத்த தேர்வில் அந்த இரண்டு கோட்டைப் போடும் முன் 641-ஐ ஒரு நிமிடம் நினைத்துக்கொள்.