சோளக்காட்டு நடுவே ஒரு திடல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டயர்ஸ்வில் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் 4,000 பேருக்குச் சற்று அதிகம். இரட்டைக் கோபுரத் தேவாலயம் ஒன்றும், உழவு இயந்திரப் பொம்மைகளுக்கென்றே அமைந்த அருங்காட்சியகம் ஒன்றும் அவ்வூரின் அடையாளங்கள். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோளக்காடு. அந்தச் சோளக்காட்டின் நடுவே வெள்ளை நிற வீடு ஒன்றும் அதன் முன்னே ஒரு பேஸ்பால் திடலும் இருக்கின்றன. திடலின் பின் எல்லையில் வேலி கிடையாது. ஓங்கி வளர்ந்த சோளப் பயிர்தான் எல்லை. அதைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வருகின்றனர். இத்தனைக்கும், அவர்கள் தேடி வரும் அந்தத் திடல் எந்தச் சாதனை வீரரும் வளர்ந்த இடமன்று. அங்கே ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டது. அவ்வளவுதான்.

மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடும் ஆட்டம் பேஸ்பால். மலேசியப் பள்ளிகளில் விளையாடப்படும் மென்பந்தாட்டத்திற்கு அது அண்ணன் முறை. அமெரிக்கர்களுக்கோ அது விளையாட்டு மட்டுமன்று. தந்தை மகனுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் குடும்பச் சொத்து போன்றது. கின்செல்லா என்னும் கனடிய எழுத்தாளரின் நாவலைத் தழுவி, 1989இல் ‘ஃபீல்ட் ஆஃப் டிரீம்ஸ்’ என்ற படம் வெளிவந்தது. ‘கனவுத் திடல்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கெவின் காஸ்ட்னர் உழவராக நடித்தார். வயலில் நிற்கும் அந்த உழவரின் காதில் ஒரு குரல் கேட்கிறது. திடல் ஒன்றை அமைத்தால் ஒருவன் வருவான் என்கிறது அக்குரல். கடன் சுமையில் இருந்தும் அவர் விளைந்த பயிரை அழித்துத் திடல் அமைக்கிறார். அக்கம்பக்கத்தார் அவரைப் பித்தர் என்கின்றனர். 1919ஆம் ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் பணம் பெற்றுக்கொண்டு தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வாழ்நாள் தடைக்கு ஆளான சிகாகோ வீரர்கள் சோளப் பயிருக்குள்ளிருந்து ஆவிகளாக வெளிப்பட்டு அத்திடலில் ஆடுகின்றனர். இறுதியில் வருபவர் உழவரின் தந்தை. இளமையில் மனம் கசந்து பிரிந்த மகனும் இறந்துபோன தந்தையும் பந்தை எறிந்து பிடித்து விளையாடுவதோடு கதை முடிகிறது.

படப்பிடிப்பு நடந்த 1988ஆம் ஆண்டுக் கோடையில் அயோவாவில் கடும் வறட்சி நிலவியது. சோளம் போதிய உயரத்திற்கு வளரவில்லை. படக்குழுவினர் தண்ணீர் கொண்டுவந்து பாய்ச்சிப் பயிரை வளர்த்தனர். காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் பூசினர். திரையில் கண்ட அந்தப் பசுமையில் ஒரு பங்கு சாயத்திற்கே உரியது!

படம் முடிந்ததும் நடந்தது இன்னும் சுவையானது. அந்தத் திடல் இரண்டு உழவர் குடும்பங்களின் நிலத்தில் பரவியிருந்தது. வீடும் ஆட்டத் தளங்களும் ஒரு குடும்பத்திற்குரியவை. இடப்பக்கமும் நடுப்பக்கமும் உள்ள புல்வெளி மற்றொரு குடும்பத்திற்குரியது. இரண்டாவது குடும்பத்தினர் தம் பங்கை மீண்டும் உழுது சோளம் விதைத்துவிட்டனர். உழவருக்கு நிலம் விளைந்தால்தானே சோறு? அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால், படத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் வந்தனர். பிறகு பலர் வந்தனர். பாதித் திடலைக் கண்டு திகைத்து நின்றனர். விரைவிலேயே உழுத பகுதியும் மீண்டும் புல்வெளியானது. இரு குடும்பங்களும் தனித்தனியே நினைவுப்பொருள் கடைகள் வைத்தன. வணிகம் எவ்வளவு வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இருந்ததில்லை. எனினும், திடலுக்குள் நுழைய எவரிடமும் கட்டணம் கேட்கப்படவில்லை. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் பழங்காலச் சீருடையுடன் சோளப் பயிருக்குள்ளிருந்து வெளிவந்து, வந்திருக்கும் பிள்ளைகளோடு விளையாடும் வழக்கமும் தோன்றியது. 2007இல்தான் முழுத் திடலும் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தது.

இப்படிப்பட்ட இடத்தை ‘பொய்யான நினைவுச்சின்னம்’ என்று ஏளனம் செய்வோர் உண்டு. கற்பனைக் கதையில் வரும் கற்பனை உழவரின் வயலைப் பார்க்க உண்மையான பணத்தைச் செலவழித்துப் பல நூறு மைல் பயணம் செய்வது பேதைமை என்பது அவர்களின் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் அது சரியாகவே தோன்றும். ஆனால், அங்கு வருவோர் செய்வது என்ன என்பதைக் கவனித்தால் வாதம் வலுவிழக்கும். பெரும்பாலான படப்பிடிப்புத் தலங்களில் வேடிக்கை பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். டயர்ஸ்வில்லில் மக்கள் மட்டையையும் கையுறையையும் காரிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே திடலுக்குள் இறங்கிவிடுகின்றனர். முன்பின் அறியாத நால்வர் சேர்ந்து ஓர் ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். தந்தையரும் பிள்ளைகளும் எதிரெதிரே நின்று பந்தை எறிந்து பிடிக்கின்றனர். கதை பொய்யாக இருக்கலாம். அந்தப் பந்து பொய்யன்று. அதை எறியும் கையும் பொய்யன்று. எனவே, அவ்விடத்தில் காக்கப்பட வேண்டியது வீடோ மர இருக்கைகளோ அல்ல. எவரும் எப்போதும் உள்ளே இறங்கி விளையாடலாம் என்னும் உரிமைதான் அதன் உயிர்நாடி.

அந்த உரிமைக்குச் சோதனை 2010இல் தொடங்கியது. முதுமையை நெருங்கிய உரிமையாளர்கள், திடல் உள்ளிட்ட 193 ஏக்கர் பண்ணையை விற்க முன்வந்தனர். அதனை வாங்கிய நிறுவனம், அருகிலுள்ள விளைநிலத்தில் 24 பேஸ்பால், மென்பந்துத் திடல்களைக் கொண்ட பெரிய விளையாட்டு வளாகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. பல ஊர்ச் சிறுவர் குழுக்கள் அங்கே வந்து தங்கிப் போட்டியிடும் என்பது எதிர்பார்ப்பு. நகரமன்றம் விவசாய நிலத்தை வணிக நிலமாக வகை மாற்றியது. அண்டை உழவர்கள் சிலர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கில் தீர்ப்பு நகரமன்றத்தின் பக்கமே அமைந்தது.

சட்டப்படி நகரமன்றம் வென்றிருக்கலாம். ஆயினும், உழவர்களின் அச்சத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வயலில் மருந்து தெளிப்பார்கள், எரு இடுவார்கள், அறுவடை இயந்திரம் ஓட்டுவார்கள். புழுதியும் நாற்றமும் இரைச்சலும் அவர்களின் தொழிலோடு பிறந்தவை. பக்கத்தில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் விளையாடத் தொடங்கினால், நாளை ‘இடையூறு’ என்ற சொல் உழவரை நோக்கித்தான் திரும்பும். சோளக்காட்டின் அழகை நம்பி வந்த சுற்றுலா, சோளம் விளைவிப்போரையே தொல்லையாகக் கருதும் நிலை நேர்ந்தால் அதைவிட விந்தை வேறில்லை.

இதில் மொழி தொடர்பான செய்தி ஒன்றும் உண்டு. படத்தில் அந்தக் குரல் சொன்னது ‘ஒருவன் வருவான்’ என்னும் பொருளில்தான். நாளடைவில் மக்கள் நாவில் அது ‘அவர்கள் வருவார்கள்’ என்று பன்மையாகிவிட்டது. இன்று அமெரிக்காவில் அரங்கம் கட்டுவோரும் அங்காடி கட்டுவோரும், கட்டினால் கூட்டம் தானே வரும் என்பதற்கு இத்திரிந்த வடிவத்தையே சான்றாகக் காட்டுவதுண்டு. ஒருமை பன்மையானதில் கதையே தலைகீழாகிவிட்டது. உழவர் ஒரு மனிதருக்காகப் பயிரை அழித்தார், வாடிக்கையாளர்களுக்காக அல்ல. படத்தின் பிற்பகுதியில், மக்கள் திரண்டு வருவார்கள், ஆளுக்கு 20 டாலரைத் தயங்காமல் கொடுப்பார்கள் என்று ஒரு பாத்திரம் பேசுகிறது என்பதும் உண்மைதான். வணிகத்தை ஆதரிப்போர் அதைச் சுட்டிக்காட்டுகின்றனர். ஆனால், கதை அந்த 20 டாலரில் முடியவில்லை. இருவர் பந்து எறிந்து பிடிப்பதில் முடிகிறது. வருவோரும் அதையே நினைவில் வைத்து வருகின்றனர்.

திரைப்படப் புகழ் ஓரிடத்தை எவ்வளவு பாடுபடுத்தும் என்பதற்கு அயோவாவரை போக வேண்டியதில்லை. தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் உள்ள மாயா கடற்கரை, 2000இல் வெளிவந்த ‘தி பீச்’ படத்தால் உலகப் புகழ் பெற்றது. குறுகிய அந்தக் கடற்கரையில் ஒரே நாளில் 5,000 பேர்வரை இறங்கினர். படகுகளும் நங்கூரங்களும் பவளப்பாறைகளைச் சிதைத்தன. 2018இல் அரசு அதனை மூடியது. 2022 ஜனவரியில்தான், வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்து மீண்டும் திறந்தது. பவளப்பாறையும் புல் திடலும் ஒன்றல்ல. புல்லை ஒரே பருவத்தில் மீண்டும் வளர்த்துவிடலாம். ஆனால், ஓரிடத்தின் இயல்பு எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி இரண்டுக்கும் பொருந்தும். தாய்லாந்து அந்தக் கேள்வியைக் காலந்தாழ்த்திக் கேட்டது. டயர்ஸ்வில்லுக்கு முன்கூட்டியே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.

அதற்கு நல்லதொரு முன்மாதிரியும் அவ்வூரிலேயே உள்ளது. 2021 ஆகஸ்ட் 12ஆம் நாள் சிகாகோ ஒயிட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய பெருங்குழுக்கள் அங்கே மோதின. அயோவா மண்ணில் நடந்த முதல் உயர்நிலைக் குழுப் போட்டி அது. பழைய திடலில் ஆட முடியாது. அது சிறியது, விதிகளுக்கும் பொருந்தாது. அதற்காக அதை இடித்துப் பெரிதாக்கவில்லை. சோளக்காட்டின் மறுபுறத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அமரும் தற்காலிக அரங்கம் ஒன்றை எழுப்பி, பழைய திடலிலிருந்து அங்குச் செல்லச் சோளத்தின் ஊடே நடைபாதை அமைத்தனர். கெவின் காஸ்ட்னர் முன்னே நடக்க, வீரர்கள் பயிரை விலக்கிக்கொண்டு வெளிவந்தனர். கடைசி நிமிட அடி ஒன்று சோளக்காட்டுக்குள் போய் விழ, சிகாகோ 9-8 என வென்றது. மறு ஆண்டு மற்றொரு போட்டியும் நடந்தது. கூட்டத்திற்கு ஓரிடம், தனி மனிதர்களுக்கு ஓரிடம் என்று பிரித்து வைத்த அந்த ஏற்பாடு மெச்சத்தக்கது.

பிறகு திடலின் உரிமை மீண்டும் கைமாறியது. முன்னாள் பேஸ்பால் வீரர் பிராங்க் தாமஸ் தலைமையிலான குழுவினர் பொறுப்பேற்று, புதிய திடல்களுக்கும் தங்குமிடங்களுக்கும் திட்டம் வகுத்தனர். சிற்றூர் ஒன்றுக்கு வேலைவாய்ப்பும் வரிப்பணமும் தேவையில்லை என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது, நியாயமன்று. உணவகம் நடத்துபவரும் விடுதி நடத்துபவரும் அவ்வூரின் குடிமக்களே. ஆகவே, புதிய திடல்கள் எழட்டும். அவற்றுக்குக் கட்டணமும் கால அட்டவணையும் இருக்கட்டும். பழைய திடலுக்கு மட்டும் அவை வேண்டாம். முன்பதிவு, அரை மணிநேர ஒதுக்கீடு, கழுத்தில் அனுமதி அட்டை என்று தொடங்கிவிட்டால், அங்கே இறங்கும் சிறுவனுக்கும் அவன் தந்தைக்கும் அது மற்றுமொரு பொழுதுபோக்குப் பூங்காவாகவே தெரியும். சுற்றியுள்ள வயல்களில் சோளம் விளைவதும் அத்திடலின் ஒரு பகுதிதான். வளாகத்தைக் கட்டுவோர் வாகனம் நிறுத்துமிடத்தை எங்கு அமைப்பது, மழைநீரை எந்தப் பக்கம் வடியச் செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன்னால், ஏப்ரல் மாதத்தில் விதைப்பு இயந்திரத்தோடு அதே சாலையில் செல்ல வேண்டிய அண்டை உழவரையும் கூட்டத்திற்கு அழைக்க வேண்டும்.