நோயாளியைக் கேட்டீர்களா?

முன்பெல்லாம் பக்கவாதம் கண்டவர் பிழைப்பது அரிது என்ற நிலை இருந்தது. இன்று உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் உயிர் தப்புகிறவர்கள் பலர். முதுகெலும்பில் அடிபட்டவர்களும் விபத்தில் கை கால் இழந்தவர்களும் அப்படியே. வைத்திய சாஸ்திரத்தின் இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வார்? அடுத்த பத்து இருபது ஆண்டுகளை எப்படிக் கழிப்பார்? மருந்துச் சீட்டில் இதற்கு விடை இருப்பதில்லை.

இந்தக் கேள்வியையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு துறை இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் அதை ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்கிறார்கள். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று சொல்வதுண்டு. பெயரைப் பார்த்து, வேலை தேடிக் கொடுக்கும் இலாகா என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். சம்பளத்துக்குப் பார்க்கும் உத்தியோகத்தை மட்டும் இங்கே தொழில் என்று சொல்லவில்லை. பல் துலக்குவது, தலை வாருவது, சோறு பிசைந்து உண்பது, சந்தைக்குப் போய் வருவது, கோயில் பிரகாரம் சுற்றுவது, பேரனுடன் தாயம் ஆடுவது என்று மனிதன் ஒரு நாளில் செய்கிற அத்தனை காரியங்களும் இதில் அடங்கும்.

இத்துறையில் தேர்ந்தவர்கள் இன்று பல நாடுகளிலும் ஒப்புக்கொண்டுள்ள ஒரு விதி உண்டு. சிகிச்சை எதை நோக்கிப் போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் நோயாளி. அதற்கு வழி சொல்ல வேண்டியவர் சிகிச்சையாளர். விதியைப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படிக்கிறார்கள். அதன்படி நடப்பதுதான் குறைவு.

ஆங்கிலத்தில் இம்முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘பேஷண்ட்’ என்ற சொல்லை விட்டு ‘கிளையண்ட்’ என்று எழுதுகிறார்கள். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1940-களிலிருந்து பரப்பிய வழக்கம் அது. 1951-ல் அவர் வெளியிட்ட நூலின் பெயரிலேயே அச்சொல் இடம் பெற்றது. தமிழில் அதற்கு நேரான சொல்லை ஆஸ்பத்திரியில் தேடினால் கிடைக்காது, கோர்ட்டில் கிடைக்கும். வக்கீலிடம் போகிறவர் கட்சிக்காரர். சட்டம் தெரிந்தவர் வக்கீல்தான். ஆயினும் வழக்கை ராஜி செய்துகொள்வதா, அப்பீலுக்குப் போவதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் கட்சிக்காரர். அவர் சம்மதம் இல்லாமல் ராஜிப் பத்திரம் எழுதிய வக்கீலை ஊர் என்ன சொல்லும்? இதே காரியம் ஆஸ்பத்திரியில் நடந்தால் மட்டும் யாரும் அதைக் குற்றமாகக் கருதுவதில்லை.

இத்துறை பிறந்த வரலாற்றிலேயே ஒரு நோயாளி இருக்கிறார். ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் என்பவர் அமெரிக்காவில் கட்டடக் கலை நிபுணர். க்ஷயரோகம் அவரைப் பலமுறை படுக்கையில் தள்ளியது. பின்னர் பாதத்தில் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வந்தது. இடது பக்கம் செயலற்றுப் போயிற்று. தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து செய்தே அவர் தம் உடம்பை மீட்டுக்கொண்டார். நியூயார்க் மாகாணத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இருந்த அவருடைய வீட்டில்தான், 1917 மார்ச் மாதம், இச்சிகிச்சைக்கான அமெரிக்க தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது.

அப்புறம் நடந்தது வேறு. தொழில் வளர்ந்து ஆஸ்பத்திரிக்குள் இடம் பிடித்தது. ஆஸ்பத்திரியின் குணமும் அதற்கு வந்துவிட்டது. வார்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே கூடை பின்னும் வேலை என்ற கேலிக்கு ஒரு காலத்தில் அது ஆளாயிற்று. பிறகு விஞ்ஞான மதிப்பைத் தேடிப் போய், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, கைப்பிடி எத்தனை கிலோ அழுத்துகிறது என்று அளப்பதில் மூழ்கிற்று. அளப்பது தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் விரல் பத்து டிகிரி கூடுதலாக மடங்குகிறது என்ற செய்தி ஆஸ்பத்திரிக்குத்தான் மகிழ்ச்சி தரும். சட்டைப் பொத்தானை இன்னும் போட முடியாதவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

இந்தப் போக்கைத் திருப்புவதில் முன் நின்ற நாடு கனடா. அந்நாட்டுத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கமும் மத்திய சுகாதார இலாகாவும் சேர்ந்து 1983-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 1990-களின் தொடக்கத்தில் மேரி லா முதலிய அறுவர் ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தனர். அதற்கு யந்திரம் எதுவும் வேண்டாம். எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள் போதும். தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் காரியங்கள், பிழைப்புக்கும் வீட்டுக்கும் ஆன வேலைகள், பொழுதுபோக்கு என்ற மூன்று வகையிலும் எதெல்லாம் முடியவில்லை என்று நோயாளியிடம் கேட்கிறார்கள். ஒவ்வொன்றும் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்கிறார்கள். மிக முக்கியமானவை ஐந்துக்கு மேற்படாமல் பொறுக்கி, இப்போது அவற்றை எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று மறுபடி எண் கேட்கிறார்கள். சிகிச்சை நடந்த பின் அதே கேள்விகள். இரண்டு எண்ணாவது ஏறியிருந்தால் குறிப்பிடத் தக்க பலன் என்று கொள்வது வழக்கம். மார்க் போடுகிறவர் நோயாளி. மார்க் வாங்குவது சிகிச்சை. பள்ளிக்கூடம் தலைகீழாகிவிட்டது போல இருக்கிறது என்று சிகிச்சையாளர்கள் சிலருக்கு இது கசந்ததிலும் வியப்பில்லை.

இந்தியாவுக்கு இத்துறை புதிதன்று. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த ஸ்ரீமதி கமலா நிம்ப்கர், 1950-ல் பம்பாய் கே. இ. எம். ஆஸ்பத்திரியில் இதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் உலகச் சம்மேளனம் அமைந்தபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது இன்னும் கருத்தில் கொள்ளத் தக்கது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்தார். வைத்திய உலகம் வியந்தது. ஆனால் கை நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து புகார் சொன்னார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. இந்தக் கைக்கு விழவில்லை. நோயின் வடு இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கையைச் சரி செய்து அவர்களுடைய ஒரே ஜீவனத்தைப் பறித்ததாக ஆயிற்று. டாக்டர் பிராண்டு இதை மறைக்கவில்லை. பிற்காலத்தில் அவரே சொல்லிவந்தார். 1950-களின் தொடக்கத்தில் ‘நவ ஜீவ நிலையம்’ என்ற குடியிருப்பு ஏற்பட்டு, தச்சு முதலிய தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. உணர்ச்சியற்ற விரல் புண்படாதவாறு கருவிகளைப் பிடிக்கவும் பழக்கினார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பின்னால் கேட்டார்கள் என்று சொல்லலாம். கேட்டார்களே, அதுவே பெரிது.

அதே வேலூரில் பயிற்சி பெற்று வந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி டாக்டர் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று எந்தக் குடும்பமும் எண்ணியிருக்கும். அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்பதால் அதில் அவர் பழக்கப்பட்டார். சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. விருப்பத்தை முதலில் வைத்து, உடம்பை அதற்கு ஏற்பப் பழக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஆனால் எல்லா ஊரும் வேலூர் ஆகிவிடவில்லை. மேல்நாட்டுப் புத்தகத்தில் உள்ள பயிற்சியை அப்படியே கொடுப்பது இன்னும் போகவில்லை. பிடி தடித்த கரண்டியால் உண்ணக் கற்றுக் கொடுக்கிறார்கள். வலது கை விழுந்த ஒரு கிழவி கேட்பது கரண்டியையா? சாம்பார் சாதத்தைப் பிசைந்து உருட்டி வாயில் வைக்க ஐந்து விரலும் குவிய வேண்டும். அதற்கான பயிற்சி வேறு. பொத்தான் போடும் பலகையில் ஒரு மாதம் பழகிய பெண்ணுக்கு வேண்டியது புடவைக்குக் கொசுவம் வைப்பது. கட்டை விரலையும் சுண்டு விரலையும் அகட்டி மடிப்பெடுக்க வேண்டிய கை அது. பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு நடை வருவதைக் காட்டிலும் கையெழுத்து வருவது முக்கியமாக இருக்கலாம். நாற்பது வருஷம் கையெழுத்துப் போட்ட ஆபீஸ்காரர் பாங்கியில் கைநாட்டு வைக்கக் கூசுகிறார். இவையெல்லாம் கேட்டால்தான் வெளிவரும். கேட்காமல் கொடுத்த கைப்பட்டை இரண்டு வாரத்தில் பரண்மேல் போய்விடும். ‘பேஷண்ட் ஒத்துழைக்கவில்லை’ என்று அப்போது ரிக்கார்டில் எழுதுகிறார்களே, அது பல சமயங்களில் அநியாயம்.

யாரைக் கேட்பது என்பதும் இங்கே ஒரு சிக்கல். “பாட்டி, உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்?” என்று சிகிச்சையாளர் கேட்கிறார். “அவங்களை ஏன் சார் சிரமப்படுத்தணும்? எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்” என்று மகன் பதில் சொல்கிறார். அந்தப் பதிலில் பாசம் இருப்பது வாஸ்தவம். அந்தப் பாசத்தாலேயே மூலையில் கட்டிலோடு கட்டிலாய்ப் போனவர்களும் உண்டு. நோயாளியைத் தனியே ஐந்து நிமிஷம் பேச விட்டால் வேறு விடை வரும். பேத்திக்குத் தலை பின்ன வேண்டும் என்பாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுக்க வேண்டும் என்பாள்.

இந்த விடைகளில் இன்னொன்றும் தெரிகிறது. தானே எழுந்து, தானே குளித்து, யார் தயவும் இல்லாமல் வாழ்வதுதான் எல்லாருக்கும் லட்சியம் என்று மேல்நாட்டார் எண்ணிவிட்டார்கள். ஜப்பானிய வம்சாவளியினரான கனடா அறிஞர் மைக்கேல் இவாமா, அங்குள்ள சிகிச்சையாளர்களோடு சேர்ந்து இதை மறுத்து, வாழ்க்கையை ஓர் ஆறாகக் கொண்டு பார்க்கும் முறையை வகுத்தார். 2006-ல் அது நூலாக வந்தது. ஆற்றில் பாறை நோய். கரை என்பது வீடும் சுற்றமும். தண்ணீர் ஓட இடம் விடுவதே சிகிச்சை. தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் படம் சுலபமாகப் பொருந்தும். மருமகள் குளிப்பாட்டிவிடுவதில் கிழவிக்கு அவமானம் இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்கு உபயோகமில்லாமல் போனதுதான் அவளை வாட்டும். அதற்காக, இங்கே எல்லாம் குடும்பம்தான் முடிவு செய்யும் என்று வாதிப்பது சௌகரியமான சாக்கு. குடும்பத்தை உட்கார வைத்துப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் முதல் வார்த்தை நோயாளியுடையதாக இருக்கட்டும்.

வாய் பேச முடியாதவரிடம் படங்களைக் காட்டிச் சுட்டச் சொல்லலாம். குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நோட்டில் கோணாமல் எழுத வேண்டும் என்று தாய் தகப்பன் கேட்கிறார்கள். தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாட வேண்டும் என்று குழந்தை விரும்புகிறது. இரண்டாவதையும் ஏட்டில் எழுத வேண்டும்.

நோயாளி கேட்டதெல்லாம் கொடுப்பது என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கம் பார்வை மறைந்தவர் ஸ்கூட்டர் ஓட்டியே தீருவேன் என்றால், கூடாது என்று சொல்வதும் காரணத்தை விளக்குவதும் சிகிச்சையாளரின் கடமை. ‘பழையபடி ஆக வேண்டும்’ என்பவரிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தப் பழைய வாழ்வில் எந்த ஒரு காரியம் முதலில் வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டுப் பிரித்தெடுக்கவும் தெரிய வேண்டும்.

கேட்க நேரம் ஏது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. வெளி நோயாளிகள் வரிசை நீளம், சிகிச்சையாளர்கள் சொற்பம். ஆனால் நேரம் மட்டுமே காரணம் அல்ல. சிகிச்சையாளரும் நோயாளியும் இந்த முறையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்கக் கட்டுரை ஒன்று 2006-ல் வந்தது. நோக்கத்தை வகுப்பதில் நோயாளிக்குப் பங்கு கொடுத்ததாகச் சிகிச்சையாளர்கள் கூறினார்கள். நோயாளிகள் பலர் அப்படி உணரவில்லை. வசதி மிகுந்த நாட்டில் கண்ட நிலை இது.

தொழில்வழிச் சிகிச்சை உள்ளிட்ட இணைச் சுகாதாரத் தொழில்களுக்காக 2021-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றி, கல்வித் தரத்துக்கும் பதிவுக்கும் தேசிய ஆணையம் அமைக்க வழி செய்தது. பாடத்திட்டத்தில் நோயாளியுடன் பேசும் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு இனி அதற்கு உண்டு. அதுவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடிய காரியமும் உண்டு. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், நோயாளி என்ன செய்ய விரும்புகிறார் என்பதற்கு இரண்டு வரி இடம் விட்டு, அதை அவர் சொன்ன தமிழிலேயே எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அவர் வரும்போது, மூட்டை அளப்பதற்கு முன் அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டி, எண் கேட்கட்டும்.