மஸ்கிக்கு கைடு தேடுகிறவர்களுக்கு

சிகாகோவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன கோடையில் மூன்று படங்களை அனுப்பி, "இவர்களில் யாரோடு போகலாம்?" என்று கேட்டிருந்தார். ஆட்கள்தான் மூன்று பேர். படம் என்னவோ ஒன்றுதான். படகின் ஓரத்தில் மண்டியிட்ட ஒருவர், அவருடைய நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீன், பின்னால் மங்கலாக ஏரி. மூவரும் மஸ்கி பிடிக்கக் கூட்டிப்போகும் கைடுகள். இருப்பதிலேயே பெரிய மீன் யார் கையில் இருந்ததோ அவருக்கே முன்பணம் அனுப்புவதென்று நண்பர் முடிவுசெய்துவிட்டிருந்தார். என்னைக் கேட்டது ஒரு மரியாதைக்கு.

அவருக்கு எழுதிய பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. இங்கே இன்னும் நீள்கிறது.

மஸ்கி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெயர் ஒஜிப்வே பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்தது. வாத்தின் அலகுபோல் தட்டையான வாய், அதற்குள் வரிசையாக ஊசிப் பல். பார்வைக்கு நம் கடல் சீலாவை நினைத்துக்கொள்ளலாம், சுபாவம் விராலுடையது. களைக்குள் கட்டைபோல அசையாமல் கிடக்கும், எட்டும் தூரத்துக்கு இரை வந்தால் பாயும். நாலடிக்கு மேல் வளரும். விஸ்கான்சின் மாநிலம் 1955ல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அந்த மாநிலத்தின் வடக்கே ஹேவார்டு என்ற சிற்றூரில் 143 அடி நீளத்துக்கு மஸ்கி வடிவிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே படியேறிப் போய் அதன் திறந்த வாயில் நின்று ஊரைப் பார்க்கலாம். அந்த அளவுக்குப் பித்து.

இந்த மீனுக்கு அங்கே வழங்கும் பட்டப்பெயர் 'பத்தாயிரம் வீச்சு மீன்'. பத்தாயிரம் முறை தூண்டிலை வீசினால் ஒன்று கிடைக்குமாம். நிமிடத்துக்கு ஒரு வீச்சு என்று வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கை ஓயாமல் வீசினாலும் நாளுக்கு 480தான் ஆகிறது. பத்தாயிரத்தை எட்ட 20 நாளுக்கு மேல் வேண்டும். சொல்வழக்கில் மிகை இருக்கிறது, நல்ல கைடோடு போனால் கணக்கு இவ்வளவு மோசமாக இராது. ஆனாலும் வெறுங்கையோடு கரையேறும் நாள் இந்த வேட்டையில் சாதாரணம். மஸ்கி ஏரியின் உச்சியில் இருக்கும் வேட்டை மீன். செழிப்பான ஏரியில்கூட ஏக்கருக்கு ஒரு பெரிய மீன் தேறாது. அந்த ஒன்றும் ஒரு பெரிய இரையை விழுங்கிவிட்டால் பிறகு கிடந்த இடத்திலேயே கிடக்கும்; உங்கள் போலி இரை மூக்கை உரசிப் போனாலும் திரும்பிப் பார்க்காது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு கைடு வருடத்தில் எத்தனையோ நாட்கள் தண்ணீரில் இருக்கிறார். அதில் ஒரு நாளின் ஒரு நிமிடம் அந்தப் படம். மற்ற நாட்கள் எப்படிப் போயின என்பதற்கு அதில் பதில் கிடையாது. போதாததற்கு, கையை லென்ஸை நோக்கி நீட்டிப் பிடித்தால் எந்த மீனும் அரையடி வளரும். இது மெரினாவில் செல்ஃபி எடுக்கிறவர்களுக்கும் தெரிந்த வித்தைதான்.

படத்தை நம்பி உலக சாதனைகளே தடுமாறியிருக்கின்றன. 1957ல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பிடித்ததாகச் சொல்லப்பட்ட 69 பவுண்டு 15 அவுன்ஸ் மஸ்கி பல காலம் உலக சாதனையாக நின்றது. பிறகு யாரோ பழைய புகைப்படங்களை அளந்து பார்க்க, 1992ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மிஞ்சியவை இரண்டும் ஹேவார்டு பக்கத்து ஏரிகளில், அதுவும் ஒரே வருடத்தில் பிடிபட்டவை: 1949 ஜூலையில் கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீன், அக்டோபரில் லூயி ஸ்ப்ரே பிடித்த 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீன். ஒரு அமைப்பு இதை ஏற்கிறது, இன்னொரு அமைப்பு அதை ஏற்கிறது. இரண்டையும் நம்பாத மூன்றாவது கட்சியும் உண்டு.

கைடுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நாம் வாங்குவது மீன் இல்லை, ஒரு குறிப்பிட்ட தண்ணீரைப் பற்றிய அறிவு. 'ஒரு குறிப்பிட்ட' என்பதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சறுக்குவது அங்கேதான். மஸ்கி தெரிந்த ஆள் என்றால் எந்த ஏரியிலும் பிடித்துத் தந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு சாதனை ஏரிகளையே எடுத்துக்கொள்வோம். ஸ்ப்ரேயின் மீன் வந்த சிப்பேவா ஃப்ளோவேஜ் இயற்கை ஏரியே இல்லை. 1923ல் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியதில் 15,000 ஏக்கருக்கு மேல் முழுகி உருவானது. ஒஜிப்வே மக்களின் ஊரும், காட்டரிசி விளைந்த நீர்நிலைகளும், அவர்களுடைய இடுகாடுகளும் அதில் போயின. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. மீன்பிடிப்பவருக்கு அந்த வரலாறு வேறு விதமாகக் காலில் இடறுகிறது. மேலே ஒரே நீர்ப்பரப்பாகத் தெரிவது, அடியில் பல பழைய ஏரிகள், ஒரு பழைய ஆற்றின் தடம், வெட்டாமல் விட்ட மரங்களின் அடிக்கட்டைகள். தண்ணீர் கட்டஞ்சாயாபோல் பழுப்பு. இதற்கு மேல், மிதக்கும் தீவுகள் வேறு: அடியிலிருந்து பிய்ந்து எழுந்த மட்கிய சேறு, மேலே புல்லும் மரமுமாக மிதக்கும். ஓரத்து நிழலில் மஸ்கி ஒளிந்திருக்கும் அருமையான இடம் அது. சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய தீவு ஒன்று நகர்ந்து வந்து பாலத்தை அடைத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் இருக்கிற படகையெல்லாம் கொண்டுவந்து, முட்டுக்கொடுத்து, எல்லோருமாகச் சேர்ந்து அதைத் தள்ளிவிடுவார்கள். போன வருடம் வரைபடத்தில் குறித்து வைத்த இடம் இந்த வருடம் அங்கே இல்லாமலே போகலாம்.

ஜான்சனின் மீன் வந்த லக் கூட் ஓரே ஏரி அங்கிருந்து சில மைல்தான். அது இயற்கை ஏரி. சுமார் 5,000 ஏக்கர், ஆழம், தண்ணீர் தெளிவு. குளிர்ந்த ஆழத்தில் சிஸ்கோ என்ற கொழுப்புள்ள வெள்ளி மீன் கூட்டமாகத் திரியும். அதைத் தின்று வளரும் மஸ்கி கரையோரக் களையை விட்டுவிட்டு, நட்ட நடு ஏரியில் அடியும் தொடாமல் மேலும் வராமல் மிதந்துகொண்டிருக்கும். ஒரு ஏரியில் கலங்கிய நீரில் சத்தமும் அதிர்வும் காட்டும் இரையைக் களையோரம் இழுக்க வேண்டும். மற்றதில் எதிரொலிக் கருவியில் இரை மீன் கூட்டத்தைத் தேடி, அது இருக்கும் ஆழத்தில் இரையை ஓட்ட வேண்டும். ஒன்றில் 30 வருடம் பழுத்தவர் இன்னொன்றில் கிட்டத்தட்ட உங்களைப்போலவே விருந்தாளி.

ஆகவே தொலைபேசியில் முதல் கேள்வி, "எவ்வளவு பெரிய மீன் பிடித்திருக்கிறீர்கள்?" என்பதாக இருக்கக் கூடாது. நீங்கள் வரும் தேதியைச் சொல்லுங்கள். "அந்த வாரத்தில் எந்த ஏரிக்குப் போவீர்கள், அங்கே மீன் எங்கே நிற்கும், ஏன்?" என்று கேளுங்கள். தெரிந்தவர் தண்ணீரின் சூடு, களை எவ்வளவு வளர்ந்திருக்கும், காற்று எந்தக் கரையில் அடிக்கும் என்று பேச ஆரம்பித்துவிடுவார். நீங்கள்தான் நிறுத்த வேண்டியிருக்கும். தெரியாதவர், "வாருங்கள், பிடித்துவிடலாம்" என்பார். உறுதி கொடுப்பவரை நான் சந்தேகப்படுவேன்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. "கடைசியாகப் போன மூன்று நாள் எப்படி இருந்தது?" ஒரு நல்ல பதில் இப்படி இருக்கும்: "மூன்று நாளில் ஒன்று வலைக்கு வந்தது, ஒன்று கடித்து விட்டுவிட்டது, ஐந்து பின்னால் வந்தன." இந்தக் கடைசி எண்ணை அவர் கணக்கில் வைத்திருப்பதுதான் முக்கியம்.

மஸ்கிக்கு ஒரு வினோத வழக்கம். பல நேரம் இரையைப் பார்த்ததும் கடிக்காது, பின்னாலேயே வரும். படகுவரை வந்து, இரை தண்ணீரைவிட்டு மேலே எழும் நேரத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அமிழ்ந்துபோகும். அந்தக் கடைசி எட்டடியில்தான் கைடு ஒரு வாத்தியாராக வேண்டும். இரை படகை நெருங்கியதும் வெளியே தூக்காமல், கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, ஓரடி நரம்பு மட்டும் மிச்சமிருக்க, பக்கவாட்டில் 8 என்ற எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும். திருப்பங்கள் அகலமாக இருக்க வேண்டும். நாலடி உடம்பு குறுகிய வளைவில் திரும்பாது, இரையைத் தவறவிட்டுவிடும். மீன் தெரிந்தால் மட்டும் செய்தால் போதாது. பழுப்புத் தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது என்பதால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எழுத வேண்டும். மதியம் மூன்று மணிக்குத் தோள் கழன்று விழுகிற நேரத்தில் நீங்கள் அதை விட்டுவிடுவீர்கள். "எட்டு போடுங்கள்" என்று அலுக்காமல் சொல்கிறவர் நல்ல கைடு. நான் முதல்முறை போனபோது வாய்த்தவர் பாதி நாள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரையைச் சட்டென்று தூக்கிய இடத்தில் நீர் ஒருமுறை சுழித்து அடங்கியது. அது என்னவென்று அவர் சொல்லவும் இல்லை, அப்போது எனக்குக் கேட்கத் தெரியவும் இல்லை.

வீசிப் பிடிப்பதா, ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துப் பிடிப்பதா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செயின்ட் கிளேர் ஏரி, கிரீன் பே போன்ற விரிந்த நீரில் இரண்டாவது முறை சகஜம். கம்பெல்லாம் தாங்கியில் நிற்கும், உங்களுக்கு வேலை மீன் மாட்டிய பிறகுதான். முதுகுவலிக்காரருக்கும் சிறுவர்களுக்கும் அது வசதி. கையால் வீசிப் பழக வந்தவருக்கு அது ஒரு நீண்ட படகுச் சவாரி.

இன்னொரு கேள்விக்கு வரும் பதிலில் ஆளின் தரமே தெரிந்துவிடும். "தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் என்ன செய்வீர்கள்?" நம் கணக்கில் சுமார் 27 செல்சியஸ். அந்தச் சூட்டில் தண்ணீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மஸ்கி விடுவித்ததும் வாலாட்டிப் போவதுபோல் போய், பிறகு எங்கோ செத்துப்போகலாம். மனசாட்சி உள்ள கைடுகள் அந்த நாட்களில் மஸ்கியை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போகிறார்கள், அல்லது தேதியை மாற்றுகிறார்கள். 50 அங்குல மீன் ஒன்று அந்த அளவுக்கு வர 15 வருடம்போல ஆகும். அதனால்தான் பிடித்த மீனைத் திரும்ப விடுவது அங்கே ஏறக்குறைய எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் இருக்கிறது: மினசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ள முடியாது.

படகில் என்னென்ன இருக்கிறது என்றும் விசாரிக்கலாம். தொட்டில்போல் ஆழமான பெரிய வலை. மீன் தண்ணீருக்குள்ளேயே வலையில் கிடக்க, முள்ளைக் கழற்ற வேண்டும். நீண்ட மூக்குக் குறடு. முள்ளையே நறுக்கிவிடும் கட்டர். அது மீனுக்கு மட்டுமில்லை, உங்கள் விரலுக்கும் தேவைப்படலாம். இலையுதிர்காலத்தில் சக்கர் என்ற உயிர்மீனை இரையாகப் போடுவார்கள். ஒரு காலத்தில் மஸ்கி அதை விழுங்கும்வரை காத்திருந்து இழுப்பது வழக்கம். முள் வயிற்றில் தைக்கும், விட்ட மீன் பிழைக்காது. இப்போது இரை மீனின் உடம்பிலேயே முட்களைப் பொருத்தி, கடித்ததும் இழுத்துவிடும் அமைப்பு வந்துவிட்டது. எட்டு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள உயிரிரைக்கு அந்த அமைப்போ வட்ட முள்ளோ விஸ்கான்சினில் கட்டாயம்.

காகித விஷயங்கள் சுருக்கமாக. விஸ்கான்சினில் பணம் வாங்கிக் கூட்டிப்போகும் கைடு மாநில உரிமம் வைத்திருக்க வேண்டும். பேரேரிகள்போன்ற பெரிய நீர்வழிகளில் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம். ஆறு பயணிகள்வரை ஏற்ற அனுமதிப்பதால் அதை 'சிக்ஸ் பேக்' என்று கேலியாகச் சொல்வார்கள். கேட்டால் காட்டத் தயங்கக் கூடாது. அதே மாநிலத்தில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தனியாக மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். கைடின் உரிமம் உங்களுக்குச் செல்லாது. முன்பணம் எவ்வளவு, இடி மின்னலால் கரைக்குத் திரும்பினால் அது என்னவாகும், கம்பும் ரீலும் அவருடையதா, உடைந்தால் யார் செலவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீசிப் பிடிக்கும் படகில் இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். பெரிய முட்கள் காற்றில் சுழல்கிற இடம் அது.

நண்பர் இந்தக் கேள்விகளை மூவரிடமும் கேட்டார். சிறிய மீனோடு படம் போட்டிருந்தவர் முக்கால் மணி நேரம் பேசினாராம். ஜூலை வேண்டாம், செப்டம்பர் கடைசியில் வாருங்கள் என்று தன் வருமானத்தையே தள்ளிப்போட்டாராம். அவரோடுதான் போகிறார். தொலைபேசியை வைக்கும் முன் அந்தக் கைடு ஒரு நிபந்தனையும் சொல்லியிருக்கிறார்: படகில் வாழைப்பழம் ஏறக் கூடாது. அது இருந்தால் மீன் வராது என்பது மீன்பிடி படகுக்காரர்களிடம் இருக்கும் பழைய நம்பிக்கை. கண்டால் சிலர் நிஜமாகவே தண்ணீரில் வீசிவிடுவார்கள். நம் வீட்டில் வழிப்பயணம் என்றால் முதலில் பைக்குள் போவது அதுதானே. புளிசாதத்துக்கு ஆட்சேபணை உண்டா என்று நண்பர் கேட்டிருக்கிறார். தனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தால் இல்லை என்றாராம்.